கையில் எரியாதது

என் மகள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு ஒரு பள்ளி ஆண்டே ஓடிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போவாள். கதவு சாத்திக்கொள்ளும். எப்போது வந்து கழுவினாள் என்று தெரியாது, தட்டு மட்டும் சமையலறையில் கவிழ்ந்து கிடக்கும். சாப்பிட வேண்டுமென்றால் முகமூடியைக் கழற்ற வேண்டுமே, அதுதான் காரணம். தெருவில் முகமூடி, பள்ளியில் முகமூடி, வீட்டுக்குள் எங்களுக்கு அவள் முதுகு.

முகப்பரு. சொன்னால் சின்ன விஷயம். ஊரில் எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை என்று ஆரம்பத்தில் நானும் அளந்தவன்தான். ஆனால் இவளுக்கு வந்தது வேறு. கன்னம், நெற்றி, தாடையோரம் எல்லாம் கொத்துக் கொத்தாக. ஒன்று அடங்கினால் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு தடம், பக்கத்திலேயே புதிதாக இன்னொன்று. பதினாறு வயது. சின்னதிலிருந்து அவளை நான் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவேன். சுவரில் படம் கோணலாக இருந்தாலும், செய்தி வாசிப்பவர் தடுமாறினாலும், நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாலும் திருத்தாமல் விடமாட்டாள். அந்த வாய் அடைத்துப்போய்விட்டது. ஒரு நாள் வேண்டுமென்றே பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தேன். கண்டுகொள்ளவே இல்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. பாரம் கூடினால் அதில் ஒரு மணி அலறும். அதைக் கழற்றிவிடச் சொல்லி யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டே இருப்பார். காது போகிறதாம். கழற்றமாட்டேன் என்று நான் சண்டை போட்டுக்கொண்டே இருப்பேன். அதே லிஃப்டின் பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. ஏறியவர்கள் தலையைக் கோதி, பல்லைப் பார்த்து, வயிற்றை உள்ளே இழுத்துப் பார்ப்பதற்குள் மாடி வந்துவிடும், லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று யாரும் முனகமாட்டார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பயந்து என் மகள் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு ஏழு மாடி படியேறுகிறாள் என்பது எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். லிஃப்ட்காரர் மகளுக்கு லிஃப்ட் மேல நம்பிக்கை இல்லையா என்று கேட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். சிரித்துவிட்டு மொட்டைமாடியில் இருக்கும் இயந்திர அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

குளியலறை பல்பைக் கழற்றி மங்கலான ஒன்றைப் போட்டதும் நான்தான். மறுநாளே பழைய பல்பு திரும்ப வந்துவிட்டது. பார்க்கவும் சகிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை அவளுக்கு.

என் மனைவிக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை. அங்கே கறை மேசை அவளுடையது. மை, துரு, எண்ணெய், ரத்தம், உதட்டுச்சாயம் என்று என்ன பட்டு வந்தாலும் அந்த மேசைக்குத்தான் வரும். எந்தக் கறைக்கு எந்த மருந்து என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு விதி மட்டும் அவளிடம் மாறாது. எந்த மருந்தானாலும் முதலில் அதே துணியின் உள்தையலில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். துணி தாங்கினால்தான் கறைப் பக்கமே போக வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் இதை மறந்தால் எங்கள் வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர்கள் தலை உருளும். கையுறை மட்டும் போடமாட்டாள். துணியின் நூல் விரலுக்குத் தெரிய வேண்டுமாம்.

ஊரார் துணியையெல்லாம் வெளுத்தவளுக்குப் பெற்ற பிள்ளையின் முகத்தில் கை வைக்கத் தெரியவில்லை என்ற புழுக்கம் அவளுக்கு. நீ அழகுதாண்டி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, உன் சாட்சி செல்லாதும்மா என்று கதவுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஆகவே, கோடை விடுமுறையில் ஒரு நாள் அவளாகவே வெளியே வந்து, கைபேசியைத் தன் அம்மாவிடம் நீட்டியபோது வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. முகத்தின் செத்த தோலைக் கரைத்து எடுக்கும் ஆசிட் வகைகள் என்று யாரோ ஒரு பெண் அதில் விளக்கிக்கொண்டிருந்தாள். ஆசிட் என்ற சொல் என் காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிட்டேன். முகத்தில் போய் ஆசிடா என்றேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஸ்கூல் திறக்கறதுக்குள்ள இது கொஞ்சம் சரியாயிட்டா, மாஸ்க் இல்லாம போவேம்மா" என்றாள் மகள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் மனைவி தரையில் நடக்கவில்லை.

அன்றே மருந்துக்கடைக்குப் போனோம், மகள் முகமூடிக்குள். அங்கே ஒரு அலமாரி முழுக்க இந்தச் சரக்குதான். கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக், சாலிசிலிக் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சதவீதம் போட்டிருந்தது. எனக்குக் கண்ணைக் கட்டியது. என் மனைவியோ சொந்த வீட்டுக்குள் நுழைந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். ஆசிட் என்றால் எனக்குத் தெரியாததா என்று பாட்டில் பாட்டிலாக எடுத்துப் படித்தாள். சாலிசிலிக் எண்ணெயில் கலக்கும், அதனால் தோலின் துவாரத்துக்குள் இறங்கும், இது பருவுக்கு. கிளைகாலிக் மேல் தோலை உரிக்கும், இது தடத்துக்கு. எண்ணெய்க் கறைக்கு ஒன்று, பழைய கறைக்கு ஒன்று என்று அவளுக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

கடையில் இருந்த பெண் பொறுமையானவள். முதலில் ஒன்றே ஒன்று போதும், குறைந்த அளவுச் சாலிசிலிக் எடுங்கள், வாரத்துக்கு இரண்டு தடவை போடுங்கள், தோல் பழகட்டும், வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் இல்லாமல் போகாதீர்கள் என்றாள். என் மனைவி தலையாட்டிக்கொண்டே சிவப்பு மூடி போட்ட இன்னொரு பாட்டிலையும் எடுத்துக் கூடையில் வைத்தாள். அது கிளைகாலிக், அலமாரியிலேயே வீரியமானது, போட்டுச் சில நிமிடத்தில் கழுவிவிட வேண்டிய வகை.

"அது ஏற்கெனவே போட்டுப் பழகினவங்களுக்கு" என்றாள் கடைப் பெண். "அவசியம்னா, முதல்ல பாப்பாவோட காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வச்சு, ஒரு நாள் விட்டுப் பாருங்க. பாப்பாவுக்குத்தான் வச்சுப் பாக்கணும்."

வைத்துப் பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை என்று என் மனைவி கொஞ்சம் மிடுக்காகவே சொன்னாள். வரும் வழியில், மெதுவானதையே போடலாமே, எதற்கு அவசரம் என்று நான் கேட்டேன். பள்ளி திறப்பதற்குள் என்று பிள்ளை சொன்னது காதில் விழவில்லையா என்று திருப்பிக் கேட்டாள். விழுந்தது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதனால்தான் அதற்கு மேல் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளை முக்காலியில் உட்காரவைத்து, முடியை ஒதுக்கி, பஞ்சில் ஒரு சொட்டு எடுத்துக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பஞ்சு அந்தரத்திலேயே நின்றது. பட்டுத் துணியிலிருந்து மையை எடுக்கும் கை அது. பிறகு பஞ்சைத் திருப்பித் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துக்கொண்டாள்.

கடைப் பெண் சொன்னது பிள்ளைக்கு வைத்துப் பார்க்க அல்லவா என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

"என் பொண்ணு என்ன சோதனைத் துணியா? எரிஞ்சா எனக்கு எரியட்டும்" என்றாள்.

பெற்றவள் அப்படிச் சொன்ன பிறகு நான் வற்புறுத்தவில்லை. நாங்கள் மூவரும் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டிலில் போட்டிருந்த நேரம் தாண்டியது. இன்னொரு பூச்சு பூசிக்கொண்டாள். அதற்கும் ஒன்றுமில்லை. சிவக்கவில்லை, அரிக்கவில்லை. தண்ணி மாதிரி இருக்கு, எனக்கு ஒண்ணுமே தெரியல என்று மகளிடம் கையை நீட்டிக் காட்டினாள். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. நானே போய்த் துண்டும் குவளையில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன்.

அன்று மாலையே போட்டாள். மகள் முகமூடியைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தை அவ்வளவு நாளைக்குப் பிறகு அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். எனக்கு அது என் மகளின் முகமாகத்தான் இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. என் மனைவி நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை என்று ஒரு இடம் விடாமல் பூசினாள்.

"எரியுதா?"

"இல்ல."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். இல்லை என்றாள். நானும் கேட்டேன். இல்லப்பா என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் கால் விரல்கள் மட்டும் கீழே கிடந்த மிதியடியைக் கவ்விப் பிடித்திருந்தன. பதற்றம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாட்டிலில் சொன்ன நேரம் முழுக்க வைத்திருந்துதான் கழுவினார்கள்.

மறுநாள் காலை கதவு திறக்கவில்லை. தட்டினோம், கூப்பிட்டோம். கடைசியில் திறந்துகொண்டு வந்து நின்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று பளபளத்தன. தாடையோரம் தோல் கழன்று நீர் கசிந்துகொண்டிருந்தது. அழுதால் கண்ணீர் பட்டு எரிகிறது என்று அழாமல் நின்றாள். என் மனைவி கையைத் தூக்கினாள், தொடப் பயந்து, அந்தக் கையை அப்படியே தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

படியிறங்க மகளுக்குத் தெம்பில்லை. லிஃப்டில்தான் போனோம். கதவு திறந்ததும் நான் முதலில் நுழைந்து, கையை விரித்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியை என் முதுகால் மறைத்து நின்றேன். கீழே போய்ச் சேரும்வரை அவள் என் சட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தோல் டாக்டர் முகத்தை விளக்கில் பார்த்தார். எதைப் போட்டீர்கள், எவ்வளவு நேரம், போடுமுன் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். என் மனைவி தன் கையை நீட்டி, இதில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே செய்யவில்லை என்றாள். டாக்டர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தடித்து, சில இடங்களில் பளபளவென்று, வெடிப்பு ஓடிய கை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னாள். பிறகு அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு பஞ்சுத் திரியை எடுத்தார்.

"தொடும்போது சொல்லுங்க."

விரல் நுனியில் தொட்டார். புறங்கையில் தொட்டார். மணிக்கட்டின் உள்பக்கத்தில் இழுத்துக்கொண்டே போனார். என் மனைவி கண்ணை மூடியபடி, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி கவனமாகக் காத்துக்கொண்டிருந்தாள். நானும் மகளும் பார்த்துக்கொண்டே நின்றோம். முழங்கைப் பக்கம் வந்த பிறகுதான் "இப்ப" என்றாள்.

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயம். எந்தப் பயத்தை முதலில் பயப்படுவது என்று தெரியவில்லை. வருஷக்கணக்கில் வெறுங்கையோடு மருந்தில் புழங்கியதில் தோல் தடித்துவிட்டது, உணர்ச்சியும் மழுங்கியிருக்கிறது, இதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும், இனிமேல் கையுறை இல்லாமல் வேலை செய்யவே கூடாது என்றார் டாக்டர். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மகள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உனக்கு எரிஞ்சுதா?"

"ரொம்ப."

"கேட்டேனேடி. ஏன் சொல்லல?"

மகள் உதட்டை அதிகம் அசைக்காமல் பேசினாள். "உனக்கு எரியலன்னு சொன்னியேம்மா. அப்ப எனக்கு எரிஞ்சா, தப்பு எங்கிட்டதான்னு நெனச்சேன்."

மணியைக் கழற்றமாட்டேன் என்று ஊரோடு சண்டை போடுகிறவன், என் பிள்ளையின் மணி அடிக்காமல் போனதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கால் விரல்கள் என் கண் முன்னால் வந்து வந்து போயின.

ஆறிவிடும் என்றார் டாக்டர். தடம் கொஞ்ச நாள் கறுத்துத் தெரியும், அப்புறம் மங்கும். இப்போதைக்கு எந்த ஆசிடும் வேண்டாம், மெதுவாகக் கழுவி, எழுதித் தரும் களிம்பைத் தடவி, வெயில் படாமல் இருந்தால் போதும். முகமூடி உரசக் கூடாது. தோல் ஆறின பிறகு பருவுக்கு முறையாக வைத்தியம் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி சாப்பிடவில்லை. பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கெஞ்சினேன், திட்டினேன். உன்னால் ஆனதா, என்னால் ஆனதா, இரண்டு பேரும் சேர்ந்துதானே செய்தோம் என்றேன். எதுவும் இறங்கவில்லை. எரிஞ்சா எனக்கு எரியட்டும்னு சொன்னேனே, எரியவே இல்லியேங்க என்றாள் ஒரு தடவை. அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மதியமும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளறைக் கதவு திறந்தது. மகள் தட்டோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முகமூடி இல்லை. தோல் உரிந்து, களிம்பு மினுங்கி, பருவும் அப்படியே இருந்த முகம். இதுவரை நாங்கள் பார்த்ததிலேயே மோசமான முகம் அது.

"நீ சாப்பிட்டாதான் நானும் சாப்பிடுவேன்" என்றாள்.

என் மனைவி அவளை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஒரு வாய் எடுத்து வைத்தாள். மகளும் எடுத்தாள், வாயை அதிகம் திறக்க முடியாமல் சின்னச் சின்னதாக. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன்.

"அப்பா, பொத்தான் மாறியிருக்கு" என்றாள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அன்று நான் வேண்டுமென்று போடவில்லை. நிஜமாகவே மாறித்தான் இருந்தது.

முகம் ஆறப் பல வாரம் பிடித்தது. அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. தடம் தெரிய, முகமூடி இல்லாமல்தான் போனாள். முதல் நாள் மாலை திரும்பி வரும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். வந்து, ஒருத்தி கேட்டாள், ஆசிட்ல சுட்டுக்கிட்டேன்னு சொன்னேன், பயந்துபோயிட்டா என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தாள். படியேறித்தான் வந்திருந்தாள். அது இன்னும் மாறவில்லை.

என் மனைவி இப்போது கையுறையோடு வேலை செய்கிறாள். கைக்கு வைத்தியம் நடக்கிறது. போன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அடுப்பில் பாத்திரத்தை அவள் தொடும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது.

போன வாரம் டாக்டர் சம்மதித்ததும் திரும்ப அந்த மருந்துக்கடைக்குப் போனோம். இந்தத் தடவை என் மனைவி எந்தப் பாட்டிலையும் தொடவில்லை. மகளே படித்து, கடைப் பெண்ணிடம் கேட்டு, இருப்பதிலேயே மெதுவான ஒன்றை எடுத்தாள். மாண்டலிக். சின்னப் பாட்டில்.

வீட்டில் அதே முக்காலி. மகள் முடியை ஒதுக்கிக் காதை மடக்கிக் காட்டினாள். என் மனைவி கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் ஒரு சொட்டு எடுத்து, இந்தத் தடவை எங்கும் திருப்பாமல் நேரே காதுக்குப் பின்னால் வைத்தாள். வைத்துவிட்டு மூச்சுவிடாமல் நின்றாள். நான் மகளின் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எரியுதா?"

மகள் கண்ணை மூடிக் கவனித்தாள்.

"எரியுதும்மா. கழுவி விடு."

என் மனைவி குவளையை எடுக்கப் பாய்ந்ததில் பாதித் தண்ணீர் என் மேல் கொட்டியது. கழுவினாள், ஒற்றினாள், ஊதினாள். மருந்து போய்விட்ட பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். பாட்டிலை நான் தூக்கிக் குப்பையில் போட்டேன். வேறு ஏதாவது பார்க்கலாம், இன்னும் மெதுவானது இருக்கிறதா என்று கேட்கலாம் என்று மகள் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள் என் மனைவி.

"எதம்மா?"

"எரியுதுன்னு சொன்னியே, அத."

மகள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையுறைக் கையைப் பிடித்து, ஈரமாக இருந்த தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"எரிஞ்சுதும்மா. இப்ப எரியல."